கயல் அனுப்பிய பெண்

1

சித்திரை பிறந்த இரண்டாவது வாரத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். நாங்கள் குடியிருக்கும் ஊர் நியூசிலாந்தின் தென்பகுதியில் இருக்கிறது. இங்கே ஒரு பல்கலைக்கழகம் உண்டு. எங்கள் மகள் கயல்விழி அதில்தான் முதுகலை படித்தாள். படித்துக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனாள். அவள் பெயரில் அங்கே ஒரு பயண நிதி இருக்கிறது. ஆராய்ச்சிக்காக வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ போக வேண்டிய மாணவர் ஒருவருக்கு ஆண்டுதோறும் அந்த நிதி வழிச்செலவைக் கொடுக்கும். இந்த ஆண்டு யார் போகிறார், எங்கே போகிறார் என்று இரண்டு பத்தி எழுதி எங்களுக்கு அனுப்புவார்கள்.

முந்தைய ஆண்டுகளில் சிலி என்று வந்தது. கிரீன்லாந்து என்று வந்தது. ஒருமுறை வரைபடத்தில் தேடித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தீவின் பெயர் வந்தது. இந்த ஆண்டு 'விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு' என்று வந்தது.

அப்போது நான் வேலையில் இருந்தேன். நகரத்துக் குடிநீரைச் சோதிக்கும் கூடத்தில் வேலை எனக்கு. தண்ணீர் புட்டிகள் முன்னால் வரிசையாக நிற்க, அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து எங்கள் மாவட்டத்தின் பெயரை விசா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுத்து எழுத்தாகச் சொன்னாலும் கவுண்டர்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஓர் எழுத்தை விழுங்கிவிடுவார். யாரோ ஒருவர் தானாகவே, பிழையில்லாமல் அதை எழுதி நான் பார்த்தது அதுவே முதல் முறை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் மனைவி செல்வியிடம் சொன்னேன். அவள் இங்கே முதியோர் இல்லம் ஒன்றின் சமையல்கூடத்தில் வேலை செய்கிறாள். அப்போதுதான் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நம்ம பக்கம் ஒரு பொண்ணு போவுது செல்வி. திருவக்கரைக்கு" என்றேன்.

ஒரு ஷூ கையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டாள். கல்லான மரங்கள் கிடக்கும் திருவக்கரைக்குக் கயல்தான் ஆராய்ச்சிக்குப் போவதாக இருந்தது. அது அவளுக்கும் தெரியும். நான் சந்தோஷமாகச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

"வருசா வருசம் ஊரான் வூட்டுப் பிள்ளைங்கள அனுப்பி வச்சிக்கினே இருக்கீங்க" என்றாள். "நம்ம பொண்ணு எங்க போனா?"

2

கயல் இறந்தது மாசி மாதத்தில், ஒரு புதன்கிழமை விடியற்காலை. தலைக்குள் ரத்தக்குழாய் ஒன்று வெடித்தது. பிறவியிலேயே இருந்த பலவீனம், யாராலும் முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றார் மருத்துவர். நம் ஊரில் அப்போது செவ்வாய்க்கிழமை இன்னும் முடிந்திருக்கவில்லை. திண்டிவனத்தில் இருக்கும் என் அக்கா மங்கைக்குச் சேதி சொன்னபோது, அன்று ராத்திரி சாப்பிட்ட தட்டுகளை அவள் கழுவிக்கொண்டிருந்தாளாம்.

ஆகவே என் மகளுக்கு இறந்த நாள் இரண்டு. நாள் குறிப்பதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு பிடிவாதம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டால் எங்கள் பக்கத்து ஊரான பிரம்மதேசத்துக்குச் சைக்கிள் மிதித்துப் போய், கோயில் சுவரில் சோழர் கல்வெட்டை விரல் வைத்துத் தடவிப் பார்ப்பேன். அரசனின் ஆட்சியாண்டு, கிழமை, நட்சத்திரம் என்று வரிசையாக இருக்கும். எல்லாம் முடிந்து அத்தனை நூற்றாண்டு ஆனபிறகும் அந்தக் கிழமை மட்டும் கல்லில் அப்படியே நிற்பது எனக்குப் பெரிய ஆறுதலாகத் தோன்றும். கயல் போன பின் வந்த முதல் மாசியில் அக்கா கூப்பிட்டு, "கயலுக்கு இன்னிக்கு வெளக்கு வச்சேன் தம்பி" என்றாள். நாளைக்குத்தான் அக்கா என்று திருத்தினேன்.

"உனக்கு நாளைக்கு. எனக்கு அவ செவ்வாக்கிழமதான் போனா" என்றாள்.

அதன்பின் நான் திருத்தவில்லை. மாசிதோறும் அந்த வாரத்துச் செவ்வாயன்று அங்கே விளக்கு எரியும். புதனன்று இங்கே எரியும்.

இந்த ஊரில், சாவுக்கு மாலை வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட்டால், வருகிறவர்கள் இறந்தவர் பெயரால் ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் கொடுப்பார்கள். கயலின் நண்பர்கள் கொடுத்தார்கள். என் கூடத்து ஆட்களும் செல்வியோடு காய் நறுக்கும் பெண்களும் கொடுத்தார்கள். அந்த இல்லத்தில் கஞ்சி குடிக்கும் கிழவர்கள் சிலர்கூடக் கொடுத்தார்கள். எந்தக் காரியத்துக்கு என்று பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவில் ஓர் அம்மாள் கேட்டார். நோய் ஆராய்ச்சிக்கா, ஏழை மாணவர் படிப்புக்கா?

"பயணத்துக்கு" என்றேன்.

கயலின் மேசை இழுப்பறையில் சென்னைக்கு ஒரு விமானச் சீட்டு இருந்தது. சூப்பர்மார்க்கெட்டில் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்து, அவளே வாங்கியது. பங்குனியில் புறப்படுவதாக இருந்தாள். தன்னைப்போல ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டிய படிப்பு படிக்கிறவர்கள், பாதி நாள் ரொட்டிப் பாக்கெட் அடுக்கிக்கொண்டு இருக்கக் கூடாது என்று அவள் சொன்னதுண்டு. செல்வியும் நானும் எங்கள் பங்கையும் அதில் போட்டோம். இன்றும் போட்டுவருகிறோம்.

எவ்வளவு காலத்துக்கு என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. நம் பக்கத்துப் பழைய கோயில்களில், இறந்தவர் பெயரால் விளக்கெரிக்கும் நெய்க்காக ஆடு விட்டவர்கள், 'சந்திராதித்தவரை', சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று வெட்டிவைத்திருப்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வந்தது. அதற்கு ஆங்கிலம் தேடி, "நிலா இருக்கும்வரை" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். துக்கத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு மெதுவாக 'நிரந்தரம்' என்று எழுதிக்கொண்டார்.

3

கயலின் படிப்பு கல்லான மரங்களைப் பற்றியது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே சில மணி நேரம் காரில் போனால் ஒரு கடற்கரை வரும். அலை வடியும்போது, பாறைத் தரையில் மரக்கட்டைகள் தெரியும். தொட்டால் கல். ஒருமுறை எங்களையும் கூட்டிக்கொண்டு போனாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டையாகத் தாவித் தாவிக் காட்டினாள்.

"அப்பா, வேர் பாருங்க. இதெல்லாம் மொளச்ச எடத்துலயே நின்னு கல்லாயிடுச்சு. திருவக்கரையில வேரே கெடையாது, கெளையும் கெடையாது. எங்கயோ மொளச்சு, ஆத்துல அடிச்சிக்கினு வந்து, அங்க மண்ணுல பொதஞ்சு கல்லாயிருக்கு. நம்ம ஊரு மரந்தான்பா வெளியூர்க்காரன்."

மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள். திண்டிவனத்தைப் பார்த்தது இரண்டே தடவை. ஆனால் தமிழ் மட்டும் அவள் அம்மாவின் வாயிலிருந்து அப்படியே இறங்கியது. செல்விக்கு ஊர் மண்டகப்பட்டுக்குப் பக்கம். அந்தப் பேச்சைக் கயல் பேசும்போது, பல்கலைக்கழகத்து மழைக்கோட்டுக்குள் இருந்து மண்டகப்பட்டு பேருந்து நிறுத்தம் பேசுவதுபோல இருக்கும். சில இடங்களில் வழுக்கும். அத்தையிடம் தொலைபேசியில் "நான் நல்லா சமைக்கப்பட்டேன்" என்று சொல்லிவிட்டு, அக்கா சிரித்த சிரிப்பில் தானும் ஒரு வாரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திருவக்கரைக்கு நான் பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் போயிருக்கிறேன். அந்தக் கல்மரங்கள்மேல் உட்கார்ந்து நாங்கள் புளிச்சோறு சாப்பிட்டோம். அதைச் சொன்னபோது கயல் வாயைப் பொத்திக்கொண்டாள். "மேலயே உக்காந்தா? சோறா?" என்று கேட்டாள். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, எந்த மரம் என்று ஞாபகம் இருக்கிறதா, போட்டோ காட்டினால் சொல்வீர்களா என்று கேட்டாள்.

கடற்கரையிலிருந்து வந்த நாட்களில், உள்ளே வராமல் பின்முற்றத்தில் குழாயைத் திறந்துவிட்டு, பூட்ஸையும் கருவிகளையும் கழுவிக்கொண்டு நிற்பாள். இங்கே தெற்கேயிருந்து ஒரு காற்று அடிக்கும். பனிமலையைத் தடவிவிட்டு வரும் காற்று. பாவாடையோ பேண்டோ முழங்கால்வரை நனைந்திருக்கும். செல்வி சமையலறைக் கதவைத் திறந்து குரல் கொடுப்பாள். ஈரத்தோடு நிற்காதே, உள்ளே வா. இரண்டு தடவை, மூன்று தடவை கூப்பிட்டால்தான் வருவாள்.

அவள் வருவதற்குள் அறை சூடாகட்டும் என்று, பொழுது சாயும்போது செல்வி போய் அவள் அறையில் ஹீட்டரைப் போட்டு வைப்பாள். கயல் போன பிறகும் குளிர்காலத்தில் அந்த வேளைக்குப் போய்ப் போடுவாள். படுக்கப் போகும்போது அணைப்பாள். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

4

பூவாடைக்காரி என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற ஜில்லாக்காரர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில், வீட்டில் இறந்துபோன பெண்ணை அந்தப் பெயரால் கும்பிடுவோம். கல்யாணம் ஆகாமல் இறந்த பெண் என்றால் இன்னும் விசேஷம். வீட்டில் ஒரு நல்ல காரியம் நடக்கிறதென்றால் முதலில் அவளை அழைத்து வர வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஏரிக்கரைக்குப் போய், குடத்தில் தண்ணீர் மொண்டு, குடத்தின் வாயில் வேப்பிலைக் கொத்து செருகி, அதன்மேல் பூவை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிடுவோம். பூ விழுந்தால் வருகிறேன் என்று அர்த்தம். வீட்டுப் பெண் ஒருத்தி அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சாமி அறையில் இறக்குவாள். புதுச் சேலை வைத்துப் படைப்பார்கள். அப்புறம் அவள் அந்த வீட்டில்தான் இருப்பாள். வேறெங்கும் போகமாட்டாள்.

அக்காவின் மகன் முருகனுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாயிருந்தது. வைகாசியிலேயே அக்கா பேச்சை எடுத்துவிட்டாள்.

"கயலுக்குப் படைக்காம நான் எப்படி தம்பி தாலி எடுக்கறது? அவ மொதல்ல வரணும். நீங்க ரெண்டு பேரும் வந்து கூப்பிட்டாத்தான் வருவா. பெத்தவங்க கொரல் குடுக்கணும்."

கல்யாணத்துக்கு வருவதாகத்தான் இருந்தோம். ஆடியில் படையலுக்கும் வர செல்விக்கு விடுப்பு கிடைக்காது என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் காரணமும் அது இல்லை. செல்வி போனை என் கையிலிருந்து வாங்கி, அக்காவிடம் நேரடியாகவே சொல்லிவிட்டாள்.

"எம் பொண்ணு சாமி இல்ல அண்ணி. அவளுக்கு ஒண்ணும் படைக்க வேணாம்."

அக்கா கோபப்படவில்லை. "சரிம்மா" என்றாள். பிறகு, "அவ அங்கயே ஒண்டியா கெடக்கறாளேன்னுதான் எனக்கு" என்றாள்.

"ஒண்டியா இல்ல. நான் இருக்கேன்" என்று செல்வி போனைக் கீழே வைத்தாள்.

இதில் நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா சொல்வதை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் நிலா இருக்கும்வரை என்று விண்ணப்பத்தில் எழுதப் பார்த்தவனும் நான்தான்.

5

ஆனியில், புறப்படும் முன் அந்த மாணவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெயர் ஹானா. ஆட்டுப் பண்ணைக் குடும்பத்துப் பெண். வெயிலுக்கு என்ன போட்டுக்கொள்வது, பேருந்தில் எப்படி ஏறுவது என்று கேட்டாள். சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் வந்தால் திண்டிவனம், அங்கே என் அக்கா வீடு, அங்கிருந்து திருவக்கரை பக்கம் என்று வழி சொன்னேன். செல்வி டீயும் முறுக்கும் வைத்தாள், உட்காரவில்லை. ஹானா எழுந்து, நான் உங்கள் மகளுடைய குறிப்புகளைப் படித்திருக்கிறேன், அவள் கேட்ட கேள்விகளைத்தான் நானும் கேட்கப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். செல்வி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஹானா அக்கா வீட்டில் போய்த் தங்கினாள். திருவக்கரைக் கல்மரப் பூங்காவில் அளவெடுத்துப் படம் பிடிக்க அனுமதி வேண்டும். முருகன் தன் பைக்கில் அவளை உட்காரவைத்து ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு அலைந்தான். ஓரிடத்தில், கல்லைப் பார்க்கவா கப்பல் ஏறி வந்தாய், எங்கள் ஊர் ஆளே வந்து பார்ப்பதில்லையே அம்மா என்று கேட்டுவிட்டு, அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாளை வர ஒரு வாரம் ஆனது. "மாமா, நானு ரொம்ப பேஜாராயிட்டேன். அந்தப் பொண்ணு மட்டும் டெய்லி சிரிச்சிக்கினே வருது" என்றான் முருகன்.

கடைசியில் அனுமதி கிடைத்தது. அளவெடுக்கலாம், படம் எடுக்கலாம், ஒரு சில்லுகூடக் கொண்டுபோகக் கூடாது. இங்கே எங்கள் கடற்கரையிலும் அதே விதிதான்.

நிதியைப் பெறும் மாணவர்கள் போன இடத்திலிருந்து எங்களுக்குச் சில வரி எழுத வேண்டும் என்று ஆரம்பத்தில் நான் கேட்டிருந்தேன். செல்வி அவற்றைப் படிப்பதில்லை. ஹானா எழுதியதை நான் சத்தமாகப் படித்தேன், அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எதையும் எடுத்துவர முடியவில்லை, ஆகவே இருப்பதில் பெரிய மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தேன், வெயிலில் நன்றாகச் சுட்டது, வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, கயல்விழி என்று ஒருமுறை சொன்னேன் என்று எழுதியிருந்தாள். பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

அக்கா வேறு சேதிகள் சொன்னாள். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். "மல்லாட்ட உரிச்சுக் குடுத்தாத்தான் துன்னும்னு நெனச்சேன் தம்பி. அது எனக்கு உரிச்சுக் குடுக்குது. அத்தைன்னு கூப்பிடச் சொல்லியிருக்கேன். அத்தே அத்தேன்னு பின்னாலயே சுத்துது." தெருவில் யார் இது என்று கேட்டவர்களிடம், கயல் அனுப்பிய பெண் என்று சொல்லியிருக்கிறாள். நான் விளக்கப் பார்த்தேன். கயல் அனுப்பவில்லை, பலர் கொடுத்த பணம் அது, யாரை அனுப்புவது என்று முடிவுசெய்ய ஒரு கமிட்டி இருக்கிறது, எங்களைக்கூடக் கேட்கமாட்டார்கள் என்றேன்.

"எந்தக் கமிட்டியாவது இருந்துட்டுப் போவட்டும். யாரு பேரச் சொல்லிக்கினு எம் வாசல்ல வந்து நின்னுச்சு? கயலு பேர. அப்போ இந்த வூட்டுப் பொண்ணுதான்."

அக்காவுக்கு முருகன் ஒரே பிள்ளை. குடம் தூக்க அந்த வீட்டில் பெண் இல்லை. அக்கா எதற்கு அடிபோடுகிறாள் என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆடி மூன்றாம் வெள்ளி காலையில் படையல், நீங்கள் கூப்பிடாவிட்டால் போகிறது, நான் கூப்பிட்டுப் பார்க்கிறேன், நீ போனில் முகத்தையாவது காட்டு என்றாள். சரி என்றேன்.

6

எங்கள் மகன் அறிவழகன் ஆக்லாந்தில் இருக்கிறான். அங்கே அவனை ஆரி என்கிறார்கள், அவனும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவான். நாங்கள் தமிழில் பேசுவோம், அவன் ஆங்கிலத்தில் பேசுவான். படையலைப் பற்றிச் சொன்னேன். அவன் கேலி செய்யவில்லை. அத்தை கயலை இரண்டு முறைதானே பார்த்திருக்கிறாள் என்று கேட்டான். ஆமாம் என்றேன். பிறகு, அந்த வீட்டுக்குப் போக அவளுக்கு வழி தெரியுமா என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கிறானா என்று குரலைக் கவனித்தேன். இல்லை. எனக்குத் தெரியாது அப்பா, அதனால்தான் கேட்கிறேன் என்றான். அந்த 'அப்பா'வை மட்டும் அவன் தமிழில் சொன்னான்.

7

ஆடி மூன்றாம் வெள்ளி. அங்கே காலை, இங்கே பிற்பகல். செல்விக்கு அன்று மதியத்தோடு வேலை முடிந்திருந்தது. சமையலறையில் ராத்திரிச் சமையலுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். நான் உணவு மேசையில் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்து உட்கார்ந்திருந்தேன். வரப்போகிறாயா என்று அவளைக் கேட்கவில்லை. அவளும் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. காற்று பின்கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது.

முருகன் அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தான். முதலில் ஏரி தெரிந்தது. தண்ணீர் பாதிதான். கரையில் பத்துப் பதினைந்து பேர், பம்பைக்காரர், பூசாரி. அக்கா தலையில் நனைந்த துணியோடு நின்றாள். தண்ணீரின் ஓரத்தில் ஒரு பெண் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். மஞ்சள் நனைத்த சேலை, முழங்கால்வரை ஈரம், தலைமுடியை உச்சியில் முடிச்சுப் போட்டிருந்தாள். இடுப்பில் குடம். ஹானா என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒரு கணம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

பம்பை அடித்தார்கள். அக்கா கூப்பிட்டாள். கயலு, உன் மச்சானுக்குக் கல்யாணம்மா, வந்து நடத்திக் குடும்மா என்று கூப்பிட்டாள். பூ அப்படியே இருந்தது. பம்பையை நிறுத்திவிட்டு எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பூசாரி என்னைக் கூப்பிடச் சொன்னார். முருகன் போனைக் குடத்தின் பக்கம் கொண்டுபோனான்.

"கயலு" என்றேன். சத்தமாகக் கூப்பிடச் சொன்னார்கள். சத்தமாகக் கூப்பிட்டேன். அந்தப் பெயரை அவ்வளவு சத்தமாக இந்த வீட்டுக்குள் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பூ விழவில்லை.

"செல்வி இல்லையா தம்பி?" என்று அக்கா கேட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள் என்று தெரிந்தது.

இல்லை அக்கா, விட்டுவிடு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் அரிசி கழுவும் சத்தம் நின்றிருந்ததைக் கவனித்தேன். செல்வி என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்து அரிசித் தண்ணீர் என் சட்டையில் சொட்டியது. அவள் பார்த்தது ஏரியை இல்லை, பூவை இல்லை. ஈரத்தில் நிற்கும் அந்த முதுகை.

"கயலு" என்றாள். சத்தமாக இல்லை. எப்போதும் கதவைத் திறந்துகொண்டு சொல்வதுபோலத்தான் சொன்னாள். "ஈரத்தோட நிக்காதடி. காத்து எப்படி அடிக்குது பாரு. உள்ள வா."

பூ விழுந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுவது என் வழக்கம். ஏரியிலும் அன்று காற்று இருந்தது. ஹானா வெகு நேரமாகக் குடத்தை வைத்திருந்தாள், கை தளர்ந்திருக்கும். அதையும் எழுதிவிடுகிறேன். பூ தண்ணீரில் விழுந்ததும் பம்பை அதிர்ந்தது. "வந்துட்டா தம்பி, எம் பொண்ணு வந்துட்டா" என்று அக்கா கத்தியது கேட்டது. ஹானா திரும்பினாள். அவளும் அழுதிருந்தாள். எல்லாரும் கரையேறிப் புறப்பட்டார்கள். முருகன் ஓடியிருக்க வேண்டும். திரையில் வானம், செருப்புகள், மறுபடி வானம். பிறகு நின்றுபோனது.

சமையலறையில் காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது.

"பூ வுழுந்துச்சா?" என்று செல்வி கேட்டாள். பார்த்தவள்தான்.

"விழுந்துச்சு."

"நான் இங்கதாங்க கூப்புட்டேன்" என்றாள். "இங்கதான் உள்ள வரச் சொன்னேன்."

நான் எழுந்து அவள் கையைப் பிடித்தேன். அவள் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போயிட்டா" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் படையலின் படம் வந்தது. அக்காவின் சாமி அறையில் குடம், இலை நிறையச் சோறு, மேலே புதுச் சேலை. அக்காவின் பக்கத்தில் ஹானா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். படத்தைச் செல்வியிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். சேலை என்ன நிறம் என்று பெரிதாக்கிப் பார்த்தாள். "பச்ச. அவளுக்குப் புடிச்ச பச்ச" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆடி இங்கே குளிர்காலம், சீக்கிரம் இருட்டும். வழக்கமான வேளைக்குச் செல்வி கயலின் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். ஹீட்டரின் பொத்தானில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். கட்டில், மேசை, மூலையில் ரப்பர் பூட்ஸ். பிறகு கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினாள்.

ஆடி மூன்றாம் வெள்ளி. அன்று இரண்டு ஊரிலும் தேதி ஒன்றுதான். அன்றிலிருந்து அந்த அறையில் ஹீட்டர் போடுவதில்லை.